பேரன் ஆண்ட பட்டினமும் பாட்டி படித்த நூலும்

தோற்றுவாய்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்தபோது, பூந்தமல்லி வட்டாரத்துக் கோயில்களைப் பற்றி எழுதுவேன் என்றே நண்பர் பலரும் எண்ணினர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின் சென்னை உயர்நீதிமன்றத்தை அடுத்து, நெடுங்காலம் சட்டக்கல்லூரியாக விளங்கிய வளாகத்தில் நிற்கும் ஒரு கல்லறை என் எண்ணத்தைத் திசைமாற்றிற்று. கூர்நுனிக் கோபுரம் போன்ற அக்கல்லறையில் இருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஒருவர் 1680-இல் இறந்த கும்பினி அலுவலர் சோசப்பு ஹின்மர்ஸ். மற்றவன் 1688-இல் மறைந்த டேவிட் யேல் என்னும் இளங்குழந்தை. அக்குழந்தையின் தந்தை எலிகு யேல் அப்போது புனித சார்ச்சுக் கோட்டையின் ஆளுநர். 2023-இல் அக்கல்லறையை இடம் மாற்றுவது பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றபோதுதான், நம்மவர் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவந்தது.

கல்லறைக்குரிய குழந்தையின் தந்தையைப் பற்றி நூல்கள் பல உள. அத்தந்தையின் தந்தையையும் எளிதில் அறியலாம். அதற்கும் முன்னே சென்றால் ஒரு பெண்மணி நிற்கிறார். எலிகுவின் பாட்டியாரான ஆன் அம்மையார். இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் சமயத்தவருள் ஒருவர். ஒரு நூலைப் படித்துத் தாமே சிந்தித்தமைக்காகத் திருச்சபையினின்று விலக்கப்பட்டவர். நூலே உயிர்ப்பாகக் கூடும் நம்மனோர்க்கு அவர் வரலாறு அயலார் வரலாறு அன்று என்பதனாலேயே இக்கட்டுரை எழுந்தது.

பெயரும் ஊரும்

ஒரு பெண்ணின் மரபைத் தேடிச் செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் பெயரே. ஆன் அம்மையார் பிறந்தபோது லாயிட், முதல் மணத்தால் யேல், மறுமணத்தால் ஈட்டன். மூன்று பெயரும் மூன்று ஆடவர் வழி வந்தவை. பழைய ஏடுகளில் அவரைக் காணவேண்டின் தந்தையின் பெயரால் ஒருகால், கணவர் இருவரின் பெயரால் இருகால் தேடவேண்டும்.

தந்தையார் சார்ச்சு லாயிட், வேல்சு நாட்டவர். மான் தீவின் பேராயராக இருந்து, பின்னர் செஸ்டர் நகரின் பேராயராகி, 1615-இல் இறந்தவர். தாயார் பெயரும் ஆன் என்பதே. முதற்கணவர் தாமஸ் யேல், வேல்சு நாட்டின் ரெக்சம் நகரை அடுத்த பிளாஸ் குரோனோ என்னும் மனைக்குரியவர். அவர் தந்தை டேவிட் யேல் செஸ்டர் திருமண்டலத்தின் சமய நீதி அலுவலராக இருந்தவர். ஆக, பேராயர் இல்லமும் அவர்தம் நீதி அலுவலர் இல்லமும் கொண்டு கொடுத்த உறவு இது.

யேல் என்னும் பெயர் பற்றிய செய்தி தமிழர்க்கு இன்பம் தருவது. வேல்சு மக்களிடையே முற்காலத்தில் குடும்பப் பெயர் வழங்கவில்லை. இன்னார் மகன் இன்னார் என்று தந்தை பெயரைச் சேர்த்தே வழங்கினர். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் இடுவது போன்றதே அது. ஆங்கில வழக்கு புகுந்தபோது சிலர் தம் ஊரின் பெயரையே குடிப்பெயராகக் கொண்டனர். யால் என்னும் மலைசார் நிலப்பகுதியினர் யேல் ஆயினர். பூந்தமல்லியார் தம் பெயர்முன் 'பூவை' எனச் சேர்த்துக்கொண்டதை இங்கு நினைக்கலாம். பூவை கலியாணசுந்தர முதலியாரை அறியாத தமிழாசிரியர் இலர். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் பெயருக்கு அடியில் ஒரு சிற்றூர்ப்புறத்தின் பெயர் கிடக்கின்றது என்பது ஊர்ப்பற்றுடைய நமக்கு உவகை தரும் செய்தியே.

கடல் கடந்த குடும்பம்

தாமஸ் யேல் 1619-இல் மறைந்தார். டேவிட், தாமஸ், ஆன் எனும் மக்கள் மூவருடன் நின்ற அம்மையார் சில ஆண்டுகளுக்குப் பின் தியோபிலஸ் ஈட்டன் என்னும் இலண்டன் வணிகரை மணந்தார். ஈட்டனும் மனைவியை இழந்தவர். பால்டிக் கடற்கரை நாடுகளோடு வாணிகம் செய்து பொருள் ஈட்டியவர். சமயத்தில் பியூரிட்டன் நெறியினர்.

பியூரிட்டன் என்போர் இங்கிலாந்தின் திருச்சபையில் எஞ்சிய சடங்குகளையும் பேராயர் ஆட்சியையும் களைந்து, வேதநூல் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்றவர்கள். 1633-இல் வில்லியம் லாட் தலைமைப் பேராயரானபின் அவர்களுக்கு நெருக்கடி மிகுந்தது. ஈட்டனின் இளமைத் தோழரும் இலண்டன் போதகருமான சான் டேவன்போர்ட் முதலில் ஒல்லாந்துக்கு ஒதுங்கினார். பின் இருவரும் கூடி ஒரு குழுவைத் திரட்டிக் கடல் கடந்தனர். ஹெக்டர் என்னும் கப்பல் 1637-ஆம் ஆண்டு சூன் திங்களில் பாஸ்டன் துறையை அடைந்தது. பேராயர்களை வெறுத்த அக்கூட்டத்தின் தலைவருக்கு மனைவியாய் உடன்சென்றவர் ஒரு பேராயரின் மகள்!

அக்குழுவினர் 1638-இல் கனெக்டிகட் கரையில் நியூ ஹேவன் என்னும் புதிய ஊரை அமைத்தனர். 1639-இல் ஈட்டன் அதன் ஆளுநரானார். அதே 1639-இல்தான் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், பிரான்சிஸ் டே என்னும் கும்பினி அலுவலருக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் அளித்தார். அக்கொடைக்கான பேச்சில் பெரும்பங்கு கொண்டவர் அவர் உடன்பிறந்தாரான ஐயப்ப நாயக்கர். அவர் இருந்து ஆண்ட இடம் நம் பூந்தமல்லி. ஒரே ஆண்டில் தொடர்பின்றி முளைத்த இவ்விரு குடியேற்றங்களையும் பின்னாளில் ஒரு குடும்பம் இணைத்தது.

பதினேழு குற்றங்கள்

நியூ ஹேவனின் முதல் குடும்பத் தலைவி ஆன் அம்மையாரே. கூடத்தில் மாமியார், மாற்றாள் மகள், தம் மக்கள், கறுப்பின ஊழியர் எனப் பலர். திருச்சபைக் கூடத்தில் முன்னிருக்கை. அந்நிலையில் டெபோரா மூடி என்னும் சீமாட்டி அவ்வூர் வழியே சென்றார். குழந்தைகளுக்குத் திருமுழுக்குத் தருதல் தகாது, அறிந்து ஏற்போர்க்கே அது தகும் என்னும் கொள்கையால் மாசசூசெட்ஸ் பகுதியை விட்டு ஒல்லாந்தர் ஆட்சிப்பகுதிக்குச் சென்று, கிரேவ்சென்ட் என்னும் ஊரை நிறுவியவர் அவர். அவரிடமிருந்து அக்கொள்கை பேசும் நூல் ஒன்றை அம்மையார் இரவல் பெற்றார்.

நூலைப் படித்தார். கணவரிடமோ போதகரிடமோ உசாவவில்லை. தாம் குழவிப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கு மெய்யான திருமுழுக்கு அன்று என்னும் முடிவுக்கு வந்தார். வாயால் வாதிடவில்லை, திருமுழுக்குச் சடங்கு தொடங்குமுன் ஆளுநரின் மனைவி எழுந்து வெளியேறினார். ஊரார் அனைவரும் கண்டனர்.

போதகர் டேவன்போர்ட் அந்நூலுக்கு மறுப்புரைத்தார். அம்மையார் மனம் மாறவில்லை. பிறகு நேர்ந்ததே கருதத்தக்கது. அவர்மேல் 17 குற்றங்கள் அடுக்கப்பட்டன. மாமியாரை உணவு மேசையில் அறைந்தார், மாற்றாள் மகளிடம் கடுமை காட்டினார், ஊழியரை இழித்துரைத்தார் என்பன போன்றவை அவை. கொள்கைக் கேள்வியில் தொடங்கிய செய்தி குடும்பக் குற்றச்சாட்டில் முடிந்தது. 1644-இல் சபையார் முன் கண்டிக்கப்பட்டார். 1645-இல் சபையினின்று விலக்கப்பட்டார்.

குற்றங்கள் பொய் எனச் சொல்ல யான் முன்வரவில்லை. ஊழியர்க்கும் மாற்றாள் மகளுக்கும் அவர் இன்னல் செய்திருத்தல் கூடும்; அவர்கள் சொல்லையும் நாம் மதித்தல் வேண்டும். நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது வேறொன்று. ஒரு பெண் கொண்ட கருத்தை எதிர்கொள்ள, அவள் அடுக்களை நடப்பைச் சான்றாக்கும் வழக்கம் அன்றே முழுமை பெற்றிருந்தது. இன்னொன்றும் உண்டு. அம்மையாரைப் பற்றி நாம் இவ்வளவேனும் அறிவது அக்குற்றப் பத்திரத்தால்தான். வழக்கு எழாதிருப்பின், இன்னார் மகள், இன்னார் மனைவி என்னும் இரு தொடர்களோடு அவர் முடிந்திருப்பார்.

இதற்கு ஒப்புமை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அவர் உண்ட மிச்சிலை உண்ண விரும்பி இராமானுசர் அவரை அமுதுக்கு அழைத்ததையும், கணவர் வருமுன் நம்பிகள் உண்டு செல்ல, மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து இடத்தைக் கழுவி நீராடியதையும் குருபரம்பரை நூல்கள் கூறும். அவ்வம்மையாரின் பிழைகள் ஒவ்வொன்றும் எண்ணிச் சொல்லப்படுகின்றன. பிழை செய்யாத நாள்களில் அவர் என்ன நினைத்தார், என்ன அறிந்திருந்தார் என்பதற்கு ஓர் வரியும் இல்லை. இராமானுசரின் சமத்துவ உள்ளத்தைப் போற்றுகின்ற யான், அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் அப்பெண்மணியையும் எண்ணாதிருக்க இயலவில்லை. இரு நாட்டு ஏடுகளும் பெண்ணைக் குற்றத்தின் வழியாகவே நினைவில் வைத்தன.

எழுதிய மகள்

தாய் படித்தமைக்காக விலக்கப்பட்ட அதே 1645-இல், மகளும் பேசுபொருளானார். மகள் பெயரும் ஆன். கணவர் எட்வர்ட் ஹாப்கின்ஸ் கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆளுநர். மகளுக்கு மனநோய் கண்டது. மருத்துவம் தேடிக் கணவர் அவரைப் பாஸ்டன் நகருக்கு அழைத்து வந்தார். மாசசூசெட்ஸ் பகுதியின் தலைவராகிய சான் வின்த்ரப் தம் நாட்குறிப்பில் நோயின் காரணத்தைத் தாமே எழுதிவைத்தார். அப்பெண் பல்லாண்டுகள் படிப்பதிலும் எழுதுவதிலுமே மூழ்கிப் பல நூல்கள் எழுதினாள். வீட்டு வேலையில் கருத்தூன்றி, ஆடவர்க்குரிய அறிவுத்துறையில் தலையிடாதிருந்தால் அறிவு பிறழ்ந்திராது என்பது அவர் கருத்து.

பல நூல்கள் எழுதினார் என்று பகைமையற்ற ஒருவரே சான்று கூறுகிறார். அவற்றுள் ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. பாட்டா, உரைநடையா, இறைவேண்டலா என்பதற்கும் குறிப்பில்லை. நூல் அழிந்து, நூலெழுதியது நோய் என்னும் தீர்ப்பு மட்டும் நின்றுவிட்டது.

அதே மண்ணில் அதே காலத்தில் ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்னும் பெண்மணி கவிதை எழுதினார். 1630-இல் குடியேறியவர். அவர் பாக்களை உறவினர் ஒருவர் இலண்டனுக்குக் கொண்டுசென்று 1650-இல் அச்சிட்டார். இல்லறக் கடமையில் குறையேதும் வைக்காமல், உறக்க நேரத்தைக் குறைத்தே இவை எழுதப்பட்டன என்று அந்நூலின் முன்னுரையில் உறுதிமொழி தரவேண்டியிருந்தது. அச்சேறியதால் ஒரு ஆன் அமெரிக்கக் கவிதையின் முதல்வர்களுள் ஒருவர் எனப் போற்றப்படுகிறார். அச்சேறாததால் மற்றொரு ஆன் மருத்துவக் குறிப்பானார். இருவர்க்கும் இடையே இருந்தது திறமையின் வேற்றுமையா, கையெழுத்துப்படியைக் காத்து எடுத்துச்சென்ற ஒரு கையின் வேற்றுமையா? மறுமொழி கூற நமக்கு நூல் இல்லை.

ஹாப்கின்ஸ் 1657-இல் இலண்டனில் இறந்தபோது, நோயுற்ற மனைவியைக் காக்கும் பொறுப்பை மைத்துனர் டேவிட் யேலிடம் ஒப்படைத்து விருப்பமுறி எழுதினார். அவர் விட்டுச்சென்ற பொருளால் 1660-இல் நியூ ஹேவனில் ஒரு பள்ளி எழுந்தது. எழுத்தால் மனைவி அறிவிழந்தாள் எனப்பட்ட குடும்பத்தின் செல்வம் எழுத்தறிவிக்கச் செலவாயிற்று. ஆன் ஹாப்கின்ஸ் அதன்பின்னும் பல்லாண்டுகள் வாழ்ந்து 1698-இல் மறைந்தார். தாயார் ஆன் அம்மையாரோ, 1658-இல் ஈட்டன் இறந்தபின் இங்கிலாந்துக்குத் திரும்பி, மறு ஆண்டிலேயே காலமானார்.

பட்டினத்துப் பேரன்

மூத்த மகன் டேவிட் யேல் பாஸ்டன் நகரில் வாழ்ந்தார். திருச்சபை உறுப்பினர்க்கே குடியுரிமை என்னும் முறையை எதிர்த்து 1646-இல் விண்ணப்பம் செய்த எழுவருள் அவரும் ஒருவர். தாயின் உறுதி மகனிடமும் இருந்தது போலும். அவர் மகனாக 1649-இல் பிறந்தவரே எலிகு. சிறு குழந்தையாய் இருந்தபோதே பெற்றோருடன் இங்கிலாந்து திரும்பினார். இளைய மகன் தாமஸ் அமெரிக்காவிலேயே தங்கினார். நம் வீட்டுக் கதவுகளில் காணும் யேல் பூட்டுக்குப் பெயர் தந்த லைனஸ் யேல் அவர் வழியில் வந்தவர்.

எலிகு 1672-இல் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1680-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தில், அடுத்த திங்களே நடந்த முதல் திருமணம் அவருடையது. மணமகள் ஹின்மர்ஸின் கைம்பெண்ணான காதரின். 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்து, பொருள் சேர்த்தார் என்னும் குற்றச்சாட்டுகளோடு பதவி நீங்கி, 1699-இல் நாடு திரும்பினார். சென்னை மாநகராட்சி 1688-இல் அமைந்தது அவர் காலத்தில்தான்.

1718-இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அவர் 417 நூல்களையும், மன்னர் முதலாம் சார்ச்சின் ஓவியத்தையும், ஒன்பது பொதிச் சரக்குகளையும் அனுப்பினார். சரக்குகளில் காலிகோ, மஸ்லின் முதலிய துணிகளும் இருந்தன. அவை 562 பவுண்டுக்கு மேல் விலைபோயின. அப்பணம் கட்டடத்துக்கு உதவ, கல்லூரி யேல் எனப் பெயர் பெற்றது. அக்கல்லூரி நின்ற ஊர் நியூ ஹேவன். ஒரு நூலைப் படித்தமைக்காகப் பாட்டி விலக்கப்பட்ட அதே ஊருக்குப் பேரன் 417 நூல்களை அனுப்பினார்! பாட்டியை எண்ணியே அனுப்பினார் என்று கூறச் சான்றில்லை. வரலாறு தானே இயற்றிக்கொண்ட முரண்தொடை எனலாம். அக்கல்லூரி இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-இல்தான்.

பெயர் இல்லாதோர்

மரபு தேடும் ஆர்வம் அமெரிக்கரிடம் மிகுதி. அதற்கெனவே பாஸ்டனில் ஒரு கழகம் 1845 முதல் இயங்குகிறது. பியூரிட்டன் மூதாதை ஒருவர் கிடைத்துவிட்டால் அதனைப் பெருமையாகக் கொள்வர். ஆயின் தேடக் கிடைப்போர் ஏட்டில் ஏறியவரே. ஆன் அம்மையாரின் இல்லத்துக் கறுப்பின ஊழியர் தம் தாயார் யாரெனத் தேடினால் எங்குச் செல்வர்? எலிகு யேல் கோட்டையின் பொறுப்பிலிருந்த காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதைக் கோட்டையின் பதிவுகளே காட்டுகின்றன. முகலாய அரசின் எதிர்ப்பை அடுத்து 1688-இல் அவ்வாணிகம் தடுக்கப்பட்டது. கப்பலேறியோருள் நம் சுற்றுவட்டாரத்தார் எத்தனை பேரோ! எண்ணிக்கை எழுதப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை. யேலின் செல்வத்துக்கு அடியாய் நின்ற துணிவாணிகத்தில் நெய்தோர் பெயர் எந்தப் பொதியின் மேலும் இல்லை. அப்பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024-இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. வருத்தம் தெரிவிக்கலாம், பெயரை மீட்டல் இயலாது.

ஒரு சிறு தடயம் மட்டும் பெண் வழியில் எஞ்சியது. ரெக்சம் ஆலயத்தில் எலிகுவின் கல்லறைப் பாட்டு உள்ளது. நான்கு கண்டங்கள் அதில் வருகின்றன, பாட்டியார் வரவில்லை. ஆனால் சென்னை வாழ்வில் தமக்குப் பிறந்த பெண்மக்கள் மூவருள் ஒருத்திக்கு அவர் இட்ட பெயர் ஆன். பேராயரின் மனைவி ஆன், அவர் மகள் ஆன், பேத்தி ஆன், கொள்ளுப்பேரனுக்கு மகளாய் மீண்டும் ஆன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி என்னும் தமிழ்ச் சொற்களின் பொருள் கோட்டைக்குள் வாழ்ந்த அவ்வில்லத்துக்கும் பொருந்திற்று.

நிறைவுரை

இக்கட்டுரைக்கென ஆன் அம்மையாரின் தாயார் வரை சென்ற யான், ஓரிரவு என் மரபையும் தாளில் எழுதிப் பார்த்தேன். தந்தை வழியில் ஐந்து தலைமுறை ஆடவர் பெயர் வந்தது. தாய் வழியில் பாட்டியின் தாயோடு நின்றது. அவர் தாயின் பெயரைச் சொல்ல இன்று எவரும் இல்லை. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வாழ்ந்த அயல்நாட்டாளின் தாய்ப்பெயர் தெரிகிறது. என் கொள்ளுப்பாட்டியின் தாய்ப்பெயர் தெரியவில்லை.

என் தாய்வழிப் பாட்டி திருமழிசையில் பிறந்தவர். பள்ளியில் மூன்று வகுப்பே பயின்றவர். பால்கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் தாமே கட்டிய பாட்டுகளை எழுதி வைத்திருந்தார். எங்களைப் பொறுத்தவரை அவை பால்கணக்கு நோட்டுகளே. அவர் மறைந்தபின் ஒரு பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது, பரணிலிருந்து இறக்கி எடைக்குப் போட்டோம். தராசுக்காரரிடம் எடுத்துக் கொடுத்தவள் யானே. அப்போது தமிழ் முதுகலை இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தேன். காக்கைபாடினியாரின் இலக்கணம் முழுமையாய்க் கிடைக்காதது தமிழின் இழப்பு என்று தேர்வில் எழுதிய கையே அந்நோட்டுகளை எடுத்துக் கொடுத்தது. ஆதலின் வின்த்ரப் என்னும் தலைவரைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. அவராவது அப்பெண் எழுதினாள் என்று குறித்துவைத்தார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்து திங்கள்தோறும் கூடும் நாம், இப்பத்தாண்டில் எத்தனை கவியரங்கு நடத்தினோம் என்பதை நிகழ்ச்சிப் பதிவேடு சொல்லும். அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை முன்மொழிய விரும்புகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தாய், தாயின் தாய், அவர் தாய் எனத் தெரிந்தவரை பெயர்களை எழுதித் தருக. வீட்டுப் பரணில் பெண்கள் கைப்பட எழுதியது எதுவாயினும், தாலாட்டோ ஒப்பாரியோ கோலக்கணக்கோ, அதனைத் தராசுக்கு முன் நம் கூட்டத்துக்குக் கொண்டுவருக. நல்ல கவிதையா அன்றா என்னும் தீர்ப்பைப் பின்வருவோர் வழங்கட்டும். அவர்கள் தீர்ப்பு வழங்குவதற்கு ஏடு இருக்கவேண்டும் என்பதே நம் கடன்.

முதல் ஏடாக, என் அன்னையார் நினைவிலிருந்து சொல்லச்சொல்ல யான் எழுதிக்கொண்ட பாட்டியின் பாட்டுகள் இரண்டை வரும் கூட்டத்தில் வட்டத்திடம் ஒப்படைக்கிறேன். இரண்டே கிடைத்தன. வட்டம் வளர்க; ஏடுகள் பெருகுக.